பூந்தொட்டித் தீர்மானம்

நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் பஸ் ஏறி வந்து நாலு ரோடு கூடுகிற தாழைக்குறிச்சி முக்கில் இறங்கி அண்ணாந்து பார்க்கலாம், இரண்டுக்கும் எங்கள் ஊரில் தடையில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் ஃப்ளெக்ஸ், காது குத்தினால் ஃப்ளெக்ஸ், பத்தாம் வகுப்பில் பாஸானால் ஃப்ளெக்ஸ், பாஸாகாவிட்டாலும் தாய்மாமனுக்குக் கட்சியில் ஏதோ பொறுப்புக் கிடைத்ததற்காக அந்தப் பிள்ளை கைகூப்பி நிற்கிற ஃப்ளெக்ஸ், செத்தால் கண்ணீர் அஞ்சலி என்று கறுப்புப் பட்டை போட்ட ஃப்ளெக்ஸ். அதில் செத்தவர் ஒரு மூலையில் சின்னதாக இருப்பார், கண்ணீர் விடுகிறவர்கள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பெரிதாக நிற்பார்கள். ஒருவன் உயிரோடு இருக்கிறானா, யாரோடு சேர்ந்து இருக்கிறான் என்பதையெல்லாம் நாங்கள் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, முக்கில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

இத்தனை ஃப்ளெக்ஸையும் அடித்துத் தருவது தங்கப்பழம் ஒருவன்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பத்துக்குப் பத்து அறை, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், அதன் வயிற்றுக்குள் பதினாறு வருஷத்து ஊர். யார் வீட்டு விசேஷமானாலும் அவன்தான் படம் பிடிப்பான், பிடித்ததையெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைப்பான், அடுத்த விசேஷத்துக்கு அதிலிருந்தே தலைகளை எடுத்து ஒட்டுவான். வேறு காப்பி வைத்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால், "எதுக்கு? இது எங்க ஓடியா போவுது?" என்பான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, போர்டில் எழுதாத வேலை. ஊரில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போனால், மறுநாள் காலையில் அவர்களில் வசதியானவர் மாடியேறி வந்து, "அந்தப் பயல நம்ம படத்துலருந்து எடுத்திரு" என்பார். தங்கப்பழம் எடுத்துவிடுவான். எடுத்த இடம் ஓட்டையாகத் தெரியக் கூடாதே என்று அங்கே ஒரு பூந்தொட்டியை வைப்பான். நீலப் பீங்கான் தொட்டி, மஞ்சள் சாமந்தி. கடை திறந்த வருஷம் எங்கிருந்தோ இறக்கிய படம், அந்த ஒரே தொட்டியைத்தான் போனவரின் உயரத்துக்குத் தக்கபடி இழுத்தோ குறுக்கியோ வைப்பான். எங்கள் ஊர்ப் படங்களைப் பார்க்கிற வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் செடிகொடியில் ரொம்பப் பிரியமுள்ள ஜனங்கள் என்று தோன்றும். எங்களுக்கோ தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் யார், என்ன சண்டை, எந்த வருஷம் என்பதுவரை தெரிந்துவிடும். சொத்துப் பிரித்த ஒரு குடும்பத்தின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை, பெண், ஐயர் மூன்று பேரைத் தவிர மிச்சமெல்லாம் சாமந்திதான்.

ஊரிலேயே பெரிய தொட்டி சிவனணைஞ்சபெருமாள் வீட்டுப் படத்தில் இருந்தது. பெருமாள் அண்ணாச்சி அரிசி மில் முதலாளி, வியாபாரிகள் சங்கத் தலைவர், இரண்டு காதும் முகத்தைவிட்டு விலகி முன்னால் மடங்கி நிற்கும், அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். அவருடைய ஒரே மகள் வள்ளிமயில் ஓசூருக்கு வேலைக்குப் போன இடத்தில் தானே ஒருவரைப் பார்த்து, தானே கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் என்ன ஆட்கள் என்று மட்டும் விசாரித்த பெருமாள், பதில் தெரிந்ததும் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேரே தங்கப்பழத்தின் மாடிக்கு ஏறினார். அன்று சாயங்காலத்துக்குள் புதுமனை புகுவிழாப் படம், கோயில் கொடைப் படம், சங்கத்து ஆண்டு விழாப் படம் எல்லாவற்றிலும் மயில் நின்ற இடத்தில் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஆறு வருஷம் ஆயிற்று. அவர் மனைவி பகவதியம்மாள் கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தைத் தினமும் துடைப்பாள், தொட்டியை மட்டும் இரண்டு தடவை துடைப்பாள்.

அண்ணாச்சிக்கு அறுபது முடிந்து மணிவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று. முக்கில் வைக்க நாற்பதடி ஃப்ளெக்ஸ் சொல்லியாயிற்று. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஊரில் கரண்ட் இரண்டு தடவை போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது தங்கப்பழத்தின் கம்ப்யூட்டர் தன்னுடைய டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் முழித்து, ஃபார்மெட் செய்யட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. மனுஷர் எது கேட்டாலும் நாளைக்கு வாங்க என்று சொல்கிற தங்கப்பழம், கம்ப்யூட்டர் இங்கிலீஷில் எது கேட்டாலும் உடனே ஓகே கொடுத்துவிடுவான். கொடுத்தான். ஒரு நிமிஷத்தில் டிஸ்க் சுத்தமாகிவிட்டது, பதினாறு வருஷத்து ஊர் இருந்த இடம் துடைத்த பலகை மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

செய்தி பரவியதும் ஊரே மாடிப்படியில் வரிசையாக நின்றது. செல்ஃபோன் தண்ணீரில் விழுந்தால் செய்வதுபோல் டிஸ்க்கை அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தான். மில்லிலிருந்து பொன்னி அரிசியே வந்தது. எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒருவர் ஃப்ரிஜ்ஜில் வைக்கச் சொன்னார். தன் மகள் சடங்குப் படமே போய்விட்டதால் இனி சடங்கு நடந்ததாக எப்படி நிரூபிப்பது என்று ஒரு அம்மாள் அழுதாள். எல்லோரும் போன பிறகு, அண்ணாச்சியின் மனைவி என்பதால் ஊரே மயினி என்று கூப்பிடுகிற பகவதியம்மாள் குடையை மடக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"எல்லாம் திரும்ப வருமா தங்கப்பழம்?"

"தெரியலயே மயினி. பாளையங்கோட்டையில ஒரு மேடம் இருக்காவளாம். போனதெல்லாம் எடுத்துத் தருவாவளாம்."

"நீ அழிச்சதும் வருமா?"

தங்கப்பழத்துக்குப் புரிந்துவிட்டது. கீபோர்டைத் துடைத்தான்.

"ஒரே ஒரு படம் போதும்ய்யா. சின்னதாப் போட்டுத் தா. அரிசிப் பானைக்குள்ள வச்சிக்கிடுதேன். யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள். ஆறு வருஷமாக அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கையில் மவுஸைப் பிடித்து அந்தப் பெண்ணை அழித்தவன் தான்தான் என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் டெய்சி ஜெபமணி மேடத்தின் கடை இருந்தது. அவர் டிஸ்க்கை வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார், ஒரு ஒயரைச் செருகினார், பிறகு தங்கப்பழத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபார்மெட் பண்ணவான்னு கேட்டா உடனே ஓகே குடுத்திருவீங்களோ?"

"தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். எல்லாம் அழிஞ்சிட்டு."

"ஒண்ணும் அழியல. லாட்ஜ் வாசல்ல எந்த ரூம்ல யாருன்னு ஒரு நோட்டு இருக்கும்லா? நீங்க அழிச்சாலும் சரி, ஃபார்மெட் பண்ணினாலும் சரி, அந்த நோட்டுலதான் பேரு போவும். ஆளு உள்ளேயேதான் உக்காந்திருப்பாங்க. அந்த ரூம்ல வேற ஆளக் கொண்டுபோய் வச்சாத்தான் பழைய ஆளு நெசமாவே போவாங்க. புதுசா இதுல எதுவும் ஏத்துனீங்களா?"

"பயத்துல தொடவே இல்ல."

"அந்தப் பயந்தான் உங்க ஊரக் காப்பாத்தியிருக்கு. இப்பச் சொல்லுங்க, கடைசியா இருந்தத மட்டும் எடுக்கவா, முன்னாடி நீங்க அழிச்சதையும் சேத்து எடுக்கவா?"

தங்கப்பழம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். "ரெண்டுக்கும் சார்ஜ் வேற வேறயா?"

"ஒரே சார்ஜ்தான்."

"அப்ப எல்லாத்தையும் எடுத்திருங்க" என்றான்.

பிற்பாடு ஊர் அவனைப் பிடித்து உலுக்கியபோது இந்த ஒரே சார்ஜைத்தான் அவன் காரணமாகச் சொன்னான். ஊரும் அதை முழுதாக நம்பியது, ஒரே காசுக்கு இரண்டு கிடைக்கும்போது ஒன்றை மட்டும் வாங்கி வருகிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அரிசிப் பானை விஷயத்தை அவன் வாயே திறக்கவில்லை.

டெய்சி மேடம் பழைய டிஸ்க்கைத் தொடாமல் அதற்கு அச்சு அசலாக ஒரு நகல் எடுத்து, நகலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கி, மூன்றாம் நாள் புது டிஸ்க் ஒன்றில் போட்டுக் கொடுத்தார். தங்கப்பழம் அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகியது புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதே பத்தரை மணிக்கு ஊரிலிருந்த எல்லா ஃப்ளெக்ஸிலும், எல்லா வீட்டுச் சுவர்ப் படங்களிலும், பீரோவுக்குள் பூட்டியிருந்த கல்யாண ஆல்பங்களிலும் தொட்டிகள் போய், தொட்டிகள் இருந்த இடங்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

முதலில் பார்த்தது பஸ்ஸுக்கு நின்றவர்கள். வியாபாரிகள் சங்கத்து வெள்ளிவிழா ஃப்ளெக்ஸில் பெருமாள் அண்ணாச்சியின் தோளில் கை போட்டுக்கொண்டு, எட்டு வருஷத்துக்கு முன்னால் படத்திலிருந்து எடுக்கப்பட்ட முன்னாள் செயலாளர் கொம்பையா நின்றார். நின்றவர் எட்டு வருஷத்துக்கு முந்தைய கொம்பையா இல்லை, இப்போதைய கொம்பையா. நரை விழுந்து, தொப்பை சரிந்து, போன மாதம் வாங்கிய கண்ணாடியும் போட்டிருந்தார். திரும்பி வந்த எல்லோருமே அப்படித்தான், அழித்த வயதில் வராமல் இன்றைய வயதில் வந்திருந்தார்கள். தங்கப்பழம் ஃபோன் போட்டு இது எப்படி என்று கேட்டதற்கு டெய்சி மேடம், "நான் உள்ள இருந்தத எடுத்துக் குடுத்தேன். உள்ளயே இருந்து வளந்திருந்தா அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குமேல் காரணத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் யோசிக்கவில்லை, எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன.

பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே ஃப்ளெக்ஸில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், வரப்புத் தகராறு கேஸ் என்ன ஆவது? கத்தரியால் வெட்டிப் பார்த்தார்கள், மறுநாள் காலையில் துணி முழுசாக இருந்தது, ஆளும் முழுசாக நின்றார். பெயின்ட் அடித்தார்கள், காய்ந்ததும் உரிந்து விழுந்தது. புதிதாகத் தொட்டி போட்டு அடித்தார்கள், அச்சிலிருந்து வரும்போது தொட்டியாக வந்து கம்பத்தில் கட்டும்போது மச்சானாகிவிட்டது.

பெருமாள் அண்ணாச்சி தன்னுடைய நாற்பதடி ஃப்ளெக்ஸில் குடும்பமே வேண்டாம், நானும் பகவதியும் மட்டும் போதும் என்று சொல்லிப் போட்டார். முக்கில் ஏற்றிய மறுநாள் காலையில் அவருக்கு இடது பக்கம் வள்ளிமயில் நின்றாள். நாங்கள் யாரும் பார்த்திராத பச்சைச் சேலை, கொஞ்சம் சதை போட்ட முகம், இடுப்பில் சிவப்புக் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை. குழந்தை கட்டை விரலை வாயில் வைத்திருந்தது. அதற்கு இரண்டு காதும் முகத்தைவிட்டு விலகி முன்னால் மடங்கி நின்றன, நாற்பதடி ஃப்ளெக்ஸ் என்பதால் ஒவ்வொரு காதும் ஒரு முறம் அளவு இருந்தது, பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் காதையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். டிஸ்க் முழுவதையும் வேறு ஏதாவது எழுதி நிரப்பிவிட்டால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், எங்க வீட்டு ஆல்பத்த மட்டும் விட்டுட்டு நெரப்புங்க என்று நூற்றிப்பத்துப் பேர் கை தூக்கியதால் அது கைவிடப்பட்டது. கடைசியில் அண்ணாச்சியே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஃப்ளெக்ஸிலும் ஃபோட்டோவிலும் திரும்பி வந்துள்ள நபர்களை இவ்வூர் மக்கள் பூந்தொட்டிகளாகவே கருத வேண்டும். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதோ, நலம் விசாரிப்பதோ, மறைவாகக் கண்ணீர் விடுவதோ கூடாது. ஏகமனதாக நிறைவேற்றினோம். நானும்தான் கை தட்டினேன்.

மனுஷருக்கு எதுவும் பழகிவிடும், எங்களுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. "சங்கத்துத் தொட்டிக்குக் கண்ணு தெரியல போலுக்கே, கண்ணாடி போட்டிருக்கு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். ஒரு வீட்டில் சாப்பிடப் போனால் கூடத்துப் படத்தில் அவர்களுடைய தம்பி நிற்பதைப் பார்த்து, "தொட்டி நல்லா வளந்திருக்கு, என்ன உரம் போடுதீய?" என்று கேட்பது மரியாதையாயிற்று. கொம்பையாவே ஒருநாள் முக்கில் பஸ் இறங்கி வந்தார். தீர்மானம் அமலில் இருந்ததால் நாங்கள் நாலு பேர் தொட்டியைச் சுற்றிப் போவதுபோல் அவரை விட்டு விலகி நடந்தோம்.

பகவதியம்மாள் தினமும் காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் முக்கில் வந்து நின்றாள். தூக்குச்சட்டி கையில் அப்படியே இருக்க, அண்ணாந்து அந்தக் குழந்தையையே பார்த்தாள். கூடத்துப் படத்தில் மகள் மட்டும்தான் திரும்பி வந்திருந்தாள், தனக்குப் பேத்தி இருக்கிறாள் என்பதே அவளுக்கு முக்கில் வைத்துத்தான் தெரிந்தது. ஒருநாள் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள்.

சங்கத்துப் பொருளாளர் பதறி ஓடிவந்தார். "மயினி, மயினி, அது தொட்டியாக்கும். ஒங்க வீட்டுக்காரர் போட்ட தீர்மானம்."

"தொட்டிக்குக் காது இருக்குமாய்யா?" என்று கேட்டாள். பொருளாளர் தீர்மானத்தில் காது பற்றி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டாள். "ஏங்க, மணிவிழாவுக்கு அவளுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நமக்குப் பேத்தி பொறந்திருக்கு. இத்தன வருசமா நமக்குத் தெரியல."

"யாருக்குப் பேத்தி? அது தொட்டி. சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு."

"அந்தக் காதப் பாத்துமா சொல்லுதீய?"

"ரசம் ஊத்து" என்றார்.

பகவதியம்மாள் ரசம் ஊற்றினாள். கையைக் கழுவினாள், குடையை எடுத்தாள், தங்கப்பழத்தின் மாடிக்கு ஏறினாள்.

"என்னைய எடுத்திரு தங்கப்பழம்."

"என்ன மயினி சொல்லுதீய?"

"எல்லாப் படத்துலருந்தும் என்னைய எடுத்துட்டுத் தொட்டிய வையி. எம் மவ ஆறு வருசம் நின்ன எடத்துல நானும் நின்னு பாக்கேன்."

"எடுத்தாலும் திரும்ப வந்திருவிய மயினி. இப்ப யாரையும் எடுக்க முடியல."

"நீ எடு. நான் வர மாட்டேன்."

அவன் எடுத்தான். அடுத்தவர் சொல்லி எடுத்த அத்தனை பேரும் திரும்பி வந்த ஊரில், தானே சொல்லிப் போன பகவதியம்மாள் மட்டும் வரவில்லை. மறுநாள் காலையில் முக்கில் இருந்த நாற்பதடியில் பெருமாள் அண்ணாச்சி மாலையும் கழுத்துமாகப் பட்டு வேட்டியில் நின்றார், இடது பக்கம் மகளும் பேத்தியும் நின்றார்கள், வலது பக்கம் ஒரு பெரிய நீலத் தொட்டி நின்றது. மேலே அறுபதாம் கல்யாணம் காணும் தம்பதியரை வாழ்த்துகிறோம் என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊர் கண்ணால் கண்டதைவிட ஃப்ளெக்ஸில் கண்டதை நம்புகிற ஊர் என்று முதலிலேயே சொன்னேன். அண்ணாச்சிக்கும் மயினிக்கும் ஆகவில்லை, மயினி போய்விட்டாள் என்று பத்து மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. வந்தவர்களுக்குப் பகவதியம்மாள்தான் கதவைத் திறந்தாள், அவள்தான் காப்பி போட்டுக் கொடுத்தாள், அதை வாங்கிக் குடித்துக்கொண்டே அவர்கள் அண்ணாச்சியின் கையைப் பிடித்து, "மயினி எப்பப் போனாவ? சொல்லிட்டாவது போனாவளா?" என்று கேட்டார்கள். சமையல்காரர் வந்து, பெண்வீட்டு ஆட்கள் வர மாட்டார்கள் என்பதால் இருநூறு இலை குறைக்கலாமா என்று கேட்டார். சர்க்கரை போதுமா என்று அவரிடம் கேட்டதும் பகவதியம்மாள்தான்.

மூன்று மணிக்கு ஐயர் வந்தார். அவர் முக்கு வழியாகத்தான் வந்தார்.

"பெருமாள், மந்திரம் குறைச்சுச் சொல்லலாம், ஹோமத்துல நெய் குறைச்சுக்கலாம், அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா தொட்டிக்குத் தாலி கட்ட வழியில்லயே."

"சாமி, அவ இந்தா அடுக்களையிலதான் நிக்கா!"

"ஊர் பூரா தொட்டின்னு சொல்றது. நீங்க போட்ட தீர்மானத்துலயே, ஆள் மாதிரித் தெரிஞ்சாலும் தொட்டின்னுதான் கருதணும்னு இருக்காமே."

அண்ணாச்சி தங்கப்பழத்தின் மாடிக்கு ஓடினார், அங்கே வேலையாகாமல் டிஸ்க்கையும் காரையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கே போனார். டெய்சி மேடம் டிஸ்க்கை இரண்டு மணி நேரம் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மத்தவங்க அழிச்ச ஆளத்தான் என்னால எடுக்க முடியும் சார். இவங்க அவங்களாவே எந்திரிச்சுப் போயிருக்காங்க. இதுக்கு என்கிட்ட சாஃப்ட்வேர் இல்ல. நீங்கதான் போய்க் கூப்பிடணும்."

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பகவதியம்மாள் தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தஞ்சு வருஷத்தில் அவர் அடுக்களையில் உட்கார்ந்தது அன்றுதான்.

"ஏளா, வந்திரு."

"நான் எங்க போனேன்? இங்கதான இருக்கேன்."

"படத்துல வந்திரு. ஊருல தல காட்ட முடியல. நான் பக்கத்துல ஒரு தொட்டிய வச்சிக்கிட்டு நிக்கேன்."

"ஒரு நாளு நின்னதுக்கே இப்பிடிச் சொல்லுதீய. நான் ஆறு வருசமா தொட்டிக்குத்தான சோறு பொங்கிப் பொங்கி வச்சி, தின்ன ஆளில்லாம எடுத்துப் போட்டேன்" என்றாள். கையிலிருந்த கத்தி நின்றது. "அவளும் வந்தா நானும் வாரேன். இல்லன்னா ரெண்டு பேருமே தொட்டிதான்."

அவர் பக்கத்தில் கிடந்த முருங்கைக்காயை எடுத்து ஒடித்தார், தப்பாக ஒடித்தார். பிறகு, "சரி, கூப்பிடு" என்றார்.

"நம்பர் எங்க இருக்கு? என் ஃபோன்லருந்தும் ஒங்க ஃபோன்லருந்தும் நீங்கதான அழிச்சிய."

பெருமாள் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து எண்களையும் ஒரு மூச்சில் சொன்னார். மகளுக்கு முதல் சிம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பெயரைத்தான் அழித்திருந்தார், நம்பர் உள்ளேயே இருந்திருக்கிறது. பகவதியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், திட்டலாமா அழலாமா என்று தெரியாத பார்வை. பிறகு எண்களை அழுத்தினாள். அவள் பேசி முடிக்கும்வரை அவர் தன் நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடியை அலமாரி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முக்கில் தொட்டி இல்லை. பகவதியம்மாள் பட்டுச் சேலையில் நின்றாள், முகம் மட்டும் அழுத மாதிரி கொஞ்சம் வீங்கியிருந்தது.

மணிவிழா அன்று காலையில் மண்டபத்து வாசலில் ஓசூர் நம்பர் போட்ட வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. வள்ளிமயில் இறங்கினாள், பச்சைச் சேலையில்தான் வந்திருந்தாள். குழந்தை இறங்கியது, சிவப்புக் கவுன், அந்தக் காதுகள். பகவதியம்மாள் மணமேடையிலிருந்து மாலையோடு இறங்கி ஓடினாள், ஐயர் முகூர்த்தம், முகூர்த்தம் என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. காரிலிருந்து கடைசியாக ஒருவர் இறங்கினார். பார்க்க ஒல்லி, கையில் பெரிய பை. அவர் எங்கள் ஊர் டிஸ்க்கில் ஒருநாளும் இருந்ததில்லை, அதனால் அழிக்கப்பட்டதும் இல்லை, திரும்பி வந்ததும் இல்லை. எந்த ஃப்ளெக்ஸிலும் பார்த்திராத ஆளை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தோம். அவர் தானாகவே போய் பெடஸ்டல் ஃபேன் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டார்.

தாலி கட்டி முடிந்து குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். தங்கப்பழம் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தான். மயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. பதினாறு வருஷத்துப் பழக்கம், அவன் யோசிக்கவே இல்லை, மேடை ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சாமந்தித் தொட்டி ஒன்றை இழுத்து வந்து அந்த இடைவெளியில் வைத்தான். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்து அப்படியே நின்றுவிட்டான். வள்ளிமயில் தொட்டியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

பெருமாள் அண்ணாச்சி வரிசையை விட்டு நகர்ந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், குனிந்து அந்தத் தொட்டியைத் தூக்கினார், அறுபது வயது இடுப்பு ஒருதரம் பிடித்துக்கொண்டது, உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டு அவரே அதை மேடைக்குக் கீழே இறக்கி வைத்தார். ஃபேன் பக்கம் திரும்பி, "மாப்ளே" என்றார். ஃபேன் சத்தத்தில் மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஆறு வருஷத்தில் ஒருநாளாவது கேட்டிருந்தால்தானே தெரியும்.

அவர் பேத்தியின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். காதும் காதும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"ஒங்கப்பா பேரு என்ன தாயி?"

குழந்தை வாயிலிருந்து விரலை எடுத்தது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றது, மண்டபமே கேட்கிற மாதிரிக் கத்தியது: "மை ஃபாதர்ஸ் நேம் இஸ் மிஸ்டர் கதிரேசன்!"

பெருமாள் அண்ணாச்சி எழுந்தார், எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், பிறகு ஃபேன் சத்தத்தையும் மீறிக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் கதிரேசன் மாப்ளே, வாங்க. ஒங்க எடம் சும்மா கெடக்கு."